இரண்டாவது சரணம்

"இருபத்தஞ்சு நிமிசம் கார்டு சார். தொடக் கூடாது, சொறியக் கூடாது, தலைய ஆட்டவே கூடாது," என்று மூன்று விதிகளைச் சொல்லிவிட்டு, குமரேசன் டை கலக்கிய கிண்ணத்தைக் கழுவச் சலூனின் பின்பக்கம் போனான். விதி என்று வந்துவிட்டால் பரசுராமனுக்கு ஒருவித நிம்மதி. முப்பத்தாறு வருஷம் கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் கார்டு வேலை பார்த்து ஓய்வுபெற்ற மனுஷன். ஆட்டக் கூடாது என்றால் ஆட்ட மாட்டார், அவ்வளவுதான். ஆனால் சொறியக் கூடாது என்று சொன்ன நிமிஷத்திலிருந்து வலது காதுக்கு மேலே ஓர் இடம் அரிக்க ஆரம்பித்தது. அதை நினைக்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்தார், நினைத்ததால் இன்னும் அரித்தது. எழுபத்தோரு வயதில் முதல் டை. கழுத்தைச் சுற்றிக் கறுப்புத் துணி, காதில் வாசலின், தலை முழுக்கச் சேறு அப்பின மாதிரி ஒரு குளிர்ச்சி, மூக்கைக் குத்துகிற மருந்து நெடி. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஜோலார்பேட்டை கடைத்தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்ப்பான். கிழவனுக்கு வந்த ஆசையைப் பார் என்பான். சொல்லட்டும். மனைவி சகுந்தலா இருந்திருந்தால் அவளே முதலில் சொல்லியிருப்பாள், சிரித்துச் சிரித்து இருமல் வந்திருக்கும் அவளுக்கு. அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. யாருக்காக இந்தக் கூத்து என்று கேட்டிருப்பாள். யாருக்காக? டிவிக்காக. இல்லை, பையனுக்காக. இல்லை, அந்த ஸ்வாதிகா பொண்ணு மேல் வந்த கோபத்துக்காக.

அந்தப் பொண்ணு நேற்றுச் சாயங்காலம் சென்னையிலிருந்து போன் பண்ணினாள், டிவி சேனலில் பாட்டுப் போட்டி நடத்துகிற குழுவாம். அங்கிள் அங்கிள் என்று மூச்சுக்கு மூன்று தடவை. உங்க பையன் இளம்பரிதி சார் எழுதிப் பாடின 'கடைசிப் பெட்டி' பாட்டை எங்க ஷோல நிலானின்னு ஒரு பொண்ணு திரும்பப் பாடியிருக்கா, ஊரே அழுதுட்டு இருக்கு அங்கிள், ஒரே வாரத்துல நாப்பது லட்சம் பேர் பாத்துட்டாங்க, ஃபைனலுக்கு பரிதி சார் கெஸ்ட்டா வர்றாரு, அவருக்கே தெரியாம உங்கள மேடைக்குக் கூட்டிட்டு வரப் போறோம். எல்லா லைட்டும் அணையும், ரயில் ஹார்ன் அடிக்கும், நீங்க வெள்ளை யூனிஃபார்ம்ல கையில பச்சைக் கொடியோட மெதுவா நடந்து வரணும், யூனிஃபார்ம் நாங்க தச்சுக் குடுத்துருவோம். அழுகை வந்தா அடக்காதீங்க. அப்புறம் அங்கிள், தலைக்கு டை எல்லாம் அடிச்சிராதீங்க, வெள்ளையா இருந்தாத்தான் ஸ்கிரீன்ல நல்லா இருக்கும். நாளைக்குக் காலைல பதினோரு மணிக்குள்ள சொல்லிடுங்க, கார் புக் பண்ணணும். பரசுராமன் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். ராத்திரி யோசிக்கவும் செய்தார், காலையில் எழுந்து காபி போட்டுக் குடித்துவிட்டு நேராக இங்கே வந்து டை அடிக்கச் சொல்லிவிட்டார். இப்போது டையும் ஆகிவிட்டது, யோசனைதான் ஆகவில்லை. போகலாம் என்றும் இருக்கிறது. போனால் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை, அதுதான் ஆசையைக் கிளப்புகிறது. மியூசிக் பேசிவிடும். பையன் எழுந்து வருவான், கட்டிப்பிடிப்பான், ஊரே கை தட்டும், நாற்பது வருஷத்துக் கணக்கு ஒரே தடவையில் நேராகிவிடும். கட்டிப்பிடிக்காவிட்டால்? உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தால்? கொடியும் கையுமாக நடுமேடையில் நிற்கிற ஆளைப் பார்த்து அத்தனை பேரும் என்ன நினைப்பார்கள்? அதைவிட, கேமரா இருக்கிறதே என்பதற்காகக் கட்டிப்பிடித்துவிட்டால்? அதை எப்படித் தெரிந்துகொள்வது? முன்னே பின்னே கட்டிப்பிடித்திருந்தால்தானே வித்தியாசம் தெரியும். பையனுக்கு இப்போது நாற்பத்து நான்கு வயது. போனில் மருமகள் ஷர்மிளாதான் பேசுவாள், சாப்பிட்டீங்களா மாமா, மாத்திரை போட்டீங்களா மாமா. அவன் இருக்கானா என்று இவர் கேட்பார். ரெக்கார்டிங் போயிருக்காரு என்பாள், இல்லை தூங்குறாரு என்பாள். சரிம்மா, தொந்தரவு பண்ணாதே என்பார். இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. முன்னால் சகுந்தலா நடுவில் இருந்தாள், அவனுக்கு இவரைப் பற்றிச் சொல்வாள், இவருக்கு அவனைப் பற்றிச் சொல்வாள், இரண்டிலும் கொஞ்சம் நெய் ஊற்றித்தான் சொல்வாள் என்று அவருக்குத் தெரியும். அரிப்பு இப்போது காதிலிருந்து பிடரிக்கு இறங்கியிருந்தது.

கண்ணாடிக்கு மேலே மாட்டியிருந்த டிவியில் போன வாரத்து நிகழ்ச்சியை மறுஒளிபரப்பு செய்துகொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டு வந்துவிடக் கூடாது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தார், வேண்டிக்கொண்டதாலேயே வந்தது. பச்சைப் பாவாடை தாவணியில் பதினேழு வயதுப் பெண் மைக் முன்னால் நின்றாள். வெறும் பியானோ மட்டும். 'கடைசிப் பெட்டியில் போகிறவரே, கையசைத்தேன், பார்த்தீரா? ஊருக்கெல்லாம் பச்சைக் கொடி, எனக்கு மட்டும் முதுகா?' குமரேசன் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்து சத்தத்தைக் கூட்டினான். "கார்டு சார், உங்க டிபார்ட்மெண்ட் பாட்டு! கேட்டுக்கினே இருங்க, நேரம் போறதே தெரியாது." இவன் நாட்றம்பள்ளியிலிருந்து வந்து கடை போட்டு நாலு வருஷம்தான் ஆகிறது, யார் எவர் என்று ஒன்றும் தெரியாது பாவம். அந்தப் பெண் பாடுகிற பாட்டு அவர் கேட்ட பாட்டாகவே இல்லை. பையன் பாடியது வேகம், கிதாரைப் போட்டு அறைந்து அறைந்து பாடுவான், முதுகா முதுகா என்று நாலு தடவை கத்துவான், விசாரணையில் குற்றச்சாட்டு வாசிக்கிற மாதிரி இருக்கும். இவள் அதே வார்த்தையை ஒரே தடவை, அதுவும் கடைசியில் குரல் இல்லாமல் காற்றாக விட்டுவிட்டாள். கோபம் எங்கே போயிற்று? கோபத்தை எடுத்துவிட்டால் அடியில் இதுதான் கிடந்ததா? கோபமாகப் பாடினவரைக்கும் பரசுராமனுக்குப் பதில் இருந்தது. நல்ல பதில், விதிப்புத்தகத்தில் உள்ள பதில். லெவல் கிராசிங் கேட் வந்தால் கார்டு கேட்காரன் பக்கம் நின்று கொடி காட்ட வேண்டும், அவன் வண்டி முழுக்கப் பார்த்து, சக்கரம் பழுது இல்லை, புகை இல்லை, எல்லாம் சரி என்று கொடி காட்டுவான், அதை வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். கேட் இடது பக்கம். ரயில்வே காலனி வீடு வலது பக்கம். ஐம்பத்தெட்டு வேகன் போன பிறகு கடைசிப் பெட்டி வரும், வீட்டு வாசலைக் கடக்கப் பத்து விநாடி, அந்தப் பத்து விநாடியும் கேட் வேலை. அதற்கு நான் என்ன செய்ய? இந்தப் பதிலை இருபது வருஷமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லி மெருகேற்றி வைத்திருந்தார். மேடையில் மைக்கைக் கொடுத்தால் இதைத்தான் சொல்வதாக இருந்தார். இந்தப் பெண் பாடுவதைக் கேட்கையில் அந்தப் பதில் எதற்கும் உதவாது என்று தெரிந்தது, ஏனென்றால் இவள் ஏன் என்று கேட்கவே இல்லை.

நிமிர்ந்தால் கண்ணாடி. எதிரே ஒரு கண்ணாடி, பின்சுவரில் ஒரு கண்ணாடி. எதிர்க் கண்ணாடியில் முகம், அதற்குள் பின்கண்ணாடி, அதற்குள் அவருடைய முதுகு, அதற்குள் மறுபடி முகம், மறுபடி முதுகு. தன் முதுகை இத்தனை நேரம் பார்க்கிற வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது? கறுப்புத் துணி போர்த்தி, தோள் கொஞ்சம் சாய்ந்து, ஒன்றும் சொல்லாத முதுகு. இதைத்தான் அந்தப் பயல் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். கடைசிப் பெட்டிக்கு மறுபக்கமும் ஒரு படிக்கட்டு உண்டு, ஒரு விநாடி தலையைத் திருப்பியிருந்தால் வேகன் எதுவும் கவிழ்ந்திருக்காது. திருப்பியிருக்கலாம். இதை அவர் தனக்குத்தானே ஒப்புக்கொண்டது இன்றைக்குத்தான், அதுவும் தலையை ஆட்டக் கூடாது என்று உட்கார வைத்த இடத்தில். பெண் சரணத்துக்குப் போயிருந்தாள். 'கேட்காரன் பேர் தெரியும், ஸ்டேஷன் மாஸ்டர் பேர் தெரியும், நான் படிக்கும் வகுப்பென்ன, நாலா ஐந்தா, சொல்வீரா?' இதுவும் நடந்ததுதான். ஒரு கல்யாணத்தில் யாரோ கேட்டார்கள், நாலாவது என்று பெருமையாகச் சொன்னார், பக்கத்தில் நின்ற பையன் ஐந்தாவது என்று திருத்தவில்லை, சகுந்தலாதான் திருத்தினாள். அவன் திருத்தியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. இரண்டாயிரத்து நான்கில் சேலம் ரன்னிங் ரூமில், டியூட்டி முடிந்த டிரைவர்களும் கார்டுகளும் படுத்து எழுகிற அந்தப் பெரிய ஹாலில், சாப்பாட்டு மேஜையில் ஒருத்தன் எஃப்எம்மைத் திருப்ப, இதே சரணம். அப்பா ரயில்வே கார்டு என்று பேட்டியில் வேறு சொல்லியிருந்தான் பையன். பரசு, உன் பையன் உன் முதுகையே பாட்டாப் போட்டுட்டான்யா என்று ஒருத்தன் சிரிக்க, சரி சொல்லு, உன் பையன் இப்ப எந்த கிளாஸ் என்று இன்னொருத்தன் கேட்க, தட்டில் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பாட்டை இந்த இடத்தைத் தாண்டி அவர் கேட்டதில்லை. பஸ்ஸில் வந்தால் இறங்கிவிடுவார், டீக்கடையில் வந்தால் பாதி டீயை வைத்துவிட்டு நடப்பார். முழுசா ஒரு தடவை கேளுங்களேன் என்று சகுந்தலா எத்தனையோ தடவை சொன்னாள். கேட்ட வரைக்கும் போதும் என்பார். ஆஸ்பத்திரியில் கடைசியாகச் சுயநினைவோடு இருந்த அன்றைக்குக்கூடச் சொன்னாள். இப்போதும் வழக்கம்போல எழுந்து போகத்தான் கால் பரபரத்தது. எங்கே போவது, தலையில் சேற்றை வைத்துக்கொண்டு?

பாட்டு சட்டென்று முடிந்துவிட்டது. நடுவர்கள் கண்ணைத் துடைத்தார்கள், காகிதப் பூ மழை பெய்தது, பெண் கைகூப்பி நின்றாள். குமரேசன் உச்சுக்கொட்டினான். "சூப்பராப் பாடிச்சு சார், இல்லேங்கல. ஆனா ரெண்டாவது சரணத்த வெட்டிட்டானுங்க. டிவில மூணு நிமிசத்துக்கு மேல உட மாட்டாங்க போல. அய்ய, அதான சார் பாட்டே! அத கேக்காதவன் இன்னா நெனைப்பான்? அப்பன திட்டுற பாட்டுன்னு நெனைச்சிக்கினு போயிடுவான்." பரசுராமன் கண்ணாடியில் அவனையே பார்த்தார். திட்டுகிற பாட்டு இல்லையா பின்னே? "இருங்க, ஒரிஜினலப் போடறேன், இன்னும் பன்னெண்டு நிமிசம் இருக்குது உங்களுக்கு," என்று குமரேசன் செல்போனை எடுத்தான். வேண்டாம்ப்பா என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. முதலில் கிதார், அந்த அறைதல். பிறகு இருபத்து நான்கு வயது இளம்பரிதியின் குரல். இப்போது போனில் எப்போதாவது கேட்கிற கனத்த குரல் இல்லை, தொண்டை இன்னும் பழுக்காத குரல். எவ்வளவு சின்னப் பயலாக இருந்திருக்கிறான்! இவனுக்கா பயந்து பஸ்ஸை விட்டு இறங்கினோம் என்று இருந்தது. முதுகா, முதுகா, முதுகா, முதுகா. கத்திக்கோ. நாலா ஐந்தா சொல்வீரா. ஐந்துடா, ஐந்து, இப்போது தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த இடமும் தாண்டியது. தாண்டியதும் கிதார் நின்றுவிட்டது. அங்கே கிதார் நிற்கும் என்றே அவருக்குத் தெரியாது. நெற்றியிலிருந்து டைத்துளி ஒன்று புருவத்துக்கு இறங்கியது, துடைக்கவில்லை.

'ஞாயிற்றுக்கிழமை மதியத்திலே, டீசல் வாசம் வாசலிலே, தலைமாட்டில் வந்து நின்னீரே, நான் தூங்கவில்லை, தூங்கவில்லை. எழுப்புவீர் என்று கண்மூடி, இருந்தேன் அப்பா, இருந்தேன்.'

தூங்கவில்லையா? பாட்டு மறுபடி பல்லவிக்கு ஓடிக்கொண்டிருக்க, பரசுராமனின் மனசு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. தூங்கவில்லையாமே! மூன்று நாள் நான்கு நாள் கழித்து, ஒரு மணிக்கோ மூன்று மணிக்கோ, பெட்டியும் விளக்குமாக வீட்டுக்கு வருவார். கூடத்தில் பாயில் பையன் படுத்திருப்பான், ஒருக்களித்து, ஒரு கை கன்னத்துக்கு அடியில். தலைமாட்டில் போய் நிற்பார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, சகுந்தலா சோறு போட்டுவிட்டுக் கூப்பிடுகிற வரைக்கும். சட்டைப் பையில் சில நாள் காட்பாடியில் வாங்கின கடலை மிட்டாய் இருக்கும், அதைத் தலையணைப் பக்கத்தில் வைப்பார். எழுப்ப மாட்டார். எழுப்பினதே இல்லை. ரன்னிங் ரூமில் பத்துக் கட்டில், பத்துப் பேரும் பத்து நேரத்துக்கு வண்டியிலிருந்து இறங்கினவன், எவன் எப்போது தூங்கினான் என்று எவனுக்கும் தெரியாது. அங்கே ஒரே ஒரு சட்டம்தான் எல்லோரும் மதிக்கிற சட்டம். தூங்குகிறவனை எழுப்பாதே. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நட. தண்ணீர்ச் செம்பை ஓசையில்லாமல் வை. டியூட்டிக்குக் கூப்பிட அழைப்புப் புத்தகம் கொண்டு வருகிற ஆள் மட்டும்தான் எழுப்பலாம், வேறு யார் எழுப்பினாலும் அடிதடிதான். தூக்கத்தைவிடப் பெரிய சொத்து அந்த உலகத்தில் கிடையாது. அதைத்தான் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். தன் கையில் இருந்ததிலேயே உயர்ந்த மரியாதையை, ஏழு வயதுப் பிள்ளைக்கு, ஞாயிற்றுக்கிழமை மதியம். அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இப்போது தொடுவார், இப்போது தொடுவார் என்று படுத்திருந்திருக்கிறான். இமை ஆடியிருக்குமே. பார்த்திருக்கிறார்! இமை ஆடுவதைப் பார்த்திருக்கிறார், கனவு காண்கிறான் என்று நினைத்தார், கலைக்கக் கூடாது என்று இன்னும் ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றார். அடப்பாவி. முட்டாள். மடையா. யாரைத் திட்டுகிறோம் என்று தெரியாமல் திட்டினார். ஒரு விரல் போதுமே, கன்னத்தில் ஒரு விரல். அவனாவது ஒரு தடவை கண்ணைத் திறந்து தொலைத்திருக்கக் கூடாதா? ஏழு வயதுப் பிள்ளை ஏன் திறக்க வேண்டும்? இருபது வருஷமாக இதைப் பாட்டாக்கி ஊரெல்லாம் ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறான், பஸ்ஸில் இருந்தவனெல்லாம் கேட்டான், சலூன்காரன் மனப்பாடமாக வைத்திருக்கிறான், கேட்க வேண்டியவன் ஒருத்தன் மட்டும் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து நடந்தான். சகுந்தலாவுக்குத் தெரியும். அதனால்தான் முழுசா, முழுசா என்றாள். சொல்லித் தொலைத்திருக்கலாமே அவள்! நீங்களே கேக்கணும் என்று விட்டிருப்பாள், பிடிவாதக்காரி. கண் எரிந்தது. டை இறங்கி எரிகிறது என்று சொல்லிக்கொள்ள ஒரு வசதி இருந்தது, ஆனால் அது டை இல்லை, அவர் அழுதுகொண்டிருந்தார்.

குமரேசன் செல்போனை அணைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டான். "அந்த அப்பன் இத கேட்டிருப்பாரா சார்? உயிரோட கீறாரோ இல்லியோ."

"இருக்காருப்பா," என்றார் பரசுராமன். "இப்பத்தான் கேட்டாரு."

குமரேசன் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தான். அவன் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. டிவியை அணைத்தான், பிறகு மின்விசிறியைக் கூட்டினான், பிறகு போய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றான்.

போன் அடித்தது. ஸ்வாதிகாதான், மணி பத்து ஐம்பது. "அங்கிள், கன்ஃபர்ம் பண்ணிடலாமா? கார் ரெடி அங்கிள்."

"நான் முதல்ல என் பையன்கிட்ட பேசணும்மா. பேசிட்டுச் சொல்றேன்."

"ஐயோ அங்கிள்! அவருக்குத் தெரிஞ்சா சர்ப்ரைஸே போயிடும். அந்த மூமெண்ட்தான் அங்கிள் ஷோவே..."

"போகட்டும்மா," என்று வைத்துவிட்டார். பையனின் எண்ணைத் தேடி அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுத்தால் என்ன சொல்வது? விதியைச் சொல்வதா, இடது பக்கம் வலது பக்கம் சொல்வதா, ரன்னிங் ரூம் பழக்கத்தைச் சொல்வதா? நானும் நின்றுகொண்டுதான் இருந்தேன் என்று சொல்லலாம். இமை ஆடியதைப் பார்த்தேன் என்று சொல்லலாம். அதை எப்படிச் சொல்வது? பேசாமல் வைத்துவிட்டால் என்ன? மிஸ்டு கால் பார்த்து அவனே கூப்பிடட்டும். கூப்பிட மாட்டான், ஷர்மிளாதான் கூப்பிடுவாள். மேடையாவது தேவலை, அங்கே பேச வேண்டியதில்லை. விரல் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் போய்விட்டது. அப்போதுதான் எடுத்தார்கள்.

"மாமா? சொல்லுங்க மாமா. உடம்பு ஏதாவது..." ஷர்மிளா.

"ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் இருக்கேன். பரிதி இருக்கானா?"

"தூங்குறாரு மாமா. விடிய விடிய ரெக்கார்டிங், ஏழு மணிக்குத்தான் வந்து படுத்தாரு. எழுந்ததும் பேசச் சொல்றேன், சரியா?"

சரிம்மா, தொந்தரவு பண்ணாதே என்பது நாக்கு நுனிவரை வந்தது. இரண்டு வருஷமாக, இல்லை, நாற்பது வருஷமாகச் சொல்லிப் பழகின நாக்கு. குமரேசன் கடிகாரத்தைக் காட்டிக் கையை ஆட்டினான், நேரம் ஆகிவிட்டது, கழுவ வேண்டும். பரசுராமன் அவனைப் பார்க்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எழுப்பும்மா," என்றார்.

"மாமா?"

"எழுப்பு. அப்பா எழுப்பச் சொன்னார்னு சொல்லியே எழுப்பு."